தொழுகைக் கூடத்துக்குப் பகல் வெளிச்சம்: அஸர் (பிற்பகல் தொழுகை) நேரத்துச் சூரியனிலிருந்து தொடங்குங்கள்

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கீழக்கரைப் பக்கம் ஒரு கடலோர ஊர். பழைய பள்ளிவாசலை எடுத்துவிட்டு 60க்கு 40 அடியில் புதிய தொழுகைக் கூடம் கட்டப் போகிறார்கள். டாக்காவில் உள்ள ஒரு செங்கல் பள்ளிவாசலின் படம் ஊர் ஜமாஅத்தில் சுற்றி வந்திருக்கிறது: கூரையில் வட்ட வட்டமாகத் துளைகள், தரையில் வெளிச்சப் பொட்டுகள். இளைஞர்களுக்கு அது போலவே வேண்டும். வெயிலும் மழையும் உள்ளே வரும், ஒரே வருடத்தில் தார்ப்பாய் போட்டு மூடுவீர்கள் என்கிறார்கள் பெரியவர்கள். "நம்மூர் வெயிலில் இது நடக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வெயிலை வெளியே நிறுத்திவிட்டு வெளிச்சத்தை மட்டும் உள்ளே எடுக்க முடியுமா என்பது ஒன்று. உள்ளே வந்த வெளிச்சம் தொழுகிறவரின் கண்ணில் எங்கே போய் விழும் என்பது இன்னொன்று. முதல் கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள். பள்ளிவாசல் கெடுவது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

முதல் கேள்விக்குப் பதில் தெளிவானது: முடியும், அதற்குத் தேவைப்படும் திறப்பும் மிகக் குறைவு. உச்சி வெயிலில் வெளியே சுமார் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். ஐப்பசி மழை மூட்டத்தில்கூட 10,000 லக்ஸ் கிடைக்கும். தொழுவதற்கு 100 லக்ஸ் போதும். உட்கார்ந்து குர்ஆன் ஓத 300 இருந்தால் நல்லது. வானத்து வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு உள்ளே வந்தால் மூட்டமான நாளிலும் வேலை நடந்துவிடும். மேலிருந்து வெளிச்சம் எடுப்பதானால் தரைப்பரப்பில் 2 சதவீத அளவுக்குத் திறப்பு வைப்பது நான் பின்பற்றும் கணக்கு. உங்கள் 2,400 சதுர அடிக்கு அது 50 சதுர அடிக்குள் அடங்கும். கூரையில் பாதியைக் கண்ணாடியாக்கும் வரைபடத்தோடு யாராவது வந்தால், அவர் லண்டன் வானத்துக்கு வரைந்த படத்தை உங்களிடம் விற்கிறார் என்று அர்த்தம்.

இனி அந்த டாக்கா கட்டடம். நீங்கள் பார்த்தது பைத்துர் ரவூஃப் பள்ளிவாசலாகத்தான் இருக்க வேண்டும். டாக்காவின் உத்தரா பகுதியில், கட்டடக் கலைஞர் மரினா தபஸ்ஸும் வடிவமைத்து 2012இல் முடிந்தது; இடம் அவருடைய பாட்டி கொடுத்தது. 2016இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. குவிமாடமும் இல்லை, மினாராவும் இல்லை. படத்தில் தெரியாத ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மனையின் அச்சுக்கும் கிப்லாவுக்கும் (தொழும்போது முகம் நோக்கும் கஅபாவின் திசை) 13 பாகை வித்தியாசம். அதற்காக அவர் வெளியே ஒரு சதுரம், அதற்குள் ஒரு வட்டம், வட்டத்துக்குள் கிப்லாவை நோக்கித் திருப்பிய இன்னொரு சதுரம் என்று அமைத்தார். வட்டத்துக்கும் உள் சதுரத்துக்கும் நடுவே நான்கு பக்கமும் மிஞ்சிய இடம் வானம் பார்த்த முற்றமாக நின்றுவிட்டது. கூடத்தின் வெளிச்சத்தில் பெரும்பங்கு அந்த முற்றங்களிலிருந்தும் செங்கல் ஜாலிகளிலிருந்தும் (துளைகள் விட்டுக் கட்டிய சுவர்கள்) வருகிறது. கூரைப் பொட்டுகள் அதற்கு மேல் வைத்த அலங்காரம் என்பது என் கணிப்பு. படம் எடுக்கிறவர்களுக்குப் பொட்டுகள்தான் பிடிக்கும், அதனால் அதுவே சுற்றுகிறது. கிப்லா சுவரில் மிஹ்ராபின் (இமாம் நிற்கும் மாடத்தின்) இடத்தில் செங்குத்தாக ஒரு பிளவு இருக்கிறது. அதன் பக்கங்களைச் சாய்த்துக் கட்டியிருப்பதால் தெருவில் போகிற ஆள் தெரியமாட்டார். பின்னால் இருக்கும் சுவரில் படும் வெயில் மட்டும் தெரியும். எனக்கு அந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்தது இந்த இடம்தான்.

அந்தப் பொட்டுகளை நகலெடுக்கலாமா? ஒரு சின்னக் கணக்கு. ஐந்து வேளையில் பகல் வெளிச்சம் முழுமையாக உதவுவது நண்பகல் லுஹருக்கும் பிற்பகல் அஸருக்கும்தான். சுபுஹும் இஷாவும் இருட்டு, மஃரிப் அந்தி. மூன்றுக்கும் விளக்கு வேண்டும். லுஹர், ஜும்ஆ நேரத்தில் சூரியன் தலைக்கு மேல் நிற்கும். உங்கள் ஊர் அட்சரேகையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சரியாக உச்சிக்கே வரும். கூரை 6 மீட்டர் உயரம் என்றால் துளை வழியே விழும் வெயில் பொட்டு நிமிடத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் போல நகரும். பத்து நிமிடத் தொழுகையில் ஒரு சாண் தாண்டிப் போய்விடும்: தக்பீர் கட்டித் தொடங்கும்போது உங்கள் ஸஜ்தா இடத்தில் (நெற்றி பதியும் இடத்தில்) இருந்த பொட்டு, ஸலாம் கொடுத்து முடிக்கும்போது ஒரு சாண் உங்கள் பக்கம் நெருங்கியிருக்கும். சிலருக்கு அது அழகு, சிலருக்கு இடைஞ்சல். வேலைப்பாடு போட்ட ஒரு போர்வை தொழுகையில் கவனத்தை இழுத்தது என்று நபி (ஸல்) அவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்து, வேலைப்பாடில்லாத போர்வையைக் கேட்ட ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அதை இதற்குப் பொருத்தலாமா கூடாதா என்பதை உங்கள் இமாம் சொல்லட்டும், அது என் வேலை இல்லை. என் வேலைக்குள் வருவது வேறொன்று. பெரிய திறப்பு வைத்த கூடங்களில் வெயில் பட்டை விழும் இடத்தில் ஆட்கள் நிற்பதில்லை. ஆளுக்கு ஓர் அடி நகர்ந்து நிழலுக்குள் ஒடுங்குவார்கள், சஃப்பின் (தொழுகை வரிசையின்) நடுவே பல் விழுந்த மாதிரி இடைவெளி விழும், இமாம் திரும்பிப் பார்த்து "இடைவெளி விடாதீங்க" என்பார். ஒருவர் மனமில்லாமல் வெயிலுக்குள் காலை வைப்பார். கட்டடம் சஃப்பைக் கலைக்கிறது என்றால் அந்தத் திறப்பு தவறான இடத்தில் இருக்கிறது. துளைகள் வேண்டுமென்றால் உள்ளங்கை அளவில் சிலவற்றை, ஓரங்களில், நடைபாதைக்கு மேலே வையுங்கள்.

இப்போது அஸர். பதிலில் முக்கியமான பகுதி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் பகுதிக்குக் கிப்லா நேர் மேற்கு இல்லை. மேற்கிலிருந்து வடக்காக ஏறக்குறைய 23 பாகை, அதாவது உண்மை வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றாக 293 பாகை அளவில் வரும். டாக்காவுக்கு இது 278 பாகை அளவு, கிட்டத்தட்ட மேற்கு. இந்த வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். ஆனால் ஜூன் மாதத்தில் உங்கள் ஊரில் அஸர் தொடங்கும்போது சூரியன் நிற்கும் திசையும் அதே 293 அளவுதான். அதிலிருந்து மறையும் வரை ஓரிரு பாகைதான் விலகும். மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை அஸர் தொழுகிறவர் அனைவரும் சூரியனைப் பார்த்தபடிதான் நிற்பார்கள். டாக்காவில் சூரியன் கிப்லா நேரில் மறைவது ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சில நாட்கள் மட்டும். கோலாலம்பூர், ஜகார்த்தா பக்கமும் கிப்லா 292 முதல் 295 வரை இருப்பதால் உங்கள் தொல்லை அவர்களுக்கும் உண்டு. ஆக, டாக்காவில் முன்சுவரில் ஒரு பிளவு வைத்தது சரியாக அமைந்தது என்பதால் உங்கள் ஊரிலும் அப்படியே அமையும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பிளவு வைத்தால் அதற்கு வெளியே, இரண்டு மூன்று அடி தள்ளி, பிளவைவிட அகலமாகவும் உயரமாகவும் இன்னொரு சுவர் நிற்க வேண்டும். அந்த இரண்டாவது சுவர்தான் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

முன்சுவர் முழுக்க ஜாலி போட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஜாலியின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் தடிமனைப் பற்றிப் பேசுவதில்லை. துளையின் உயரமும் சுவரின் தடிமனும் சேர்ந்துதான் எந்தச் சூரியன் உள்ளே வரும் என்பதைத் தீர்மானிக்கின்றன. 9 அங்குலச் சுவரில் நாலரை அங்குல உயரத் துளை என்றால், சூரியன் சுவருக்கு நேர் எதிரே நிற்கையில், 27 பாகைக்கு மேல் இருக்கும் வரை நேரடி வெயில் நுழையாது. அதற்குக் கீழே இறங்கியதும் நுழையும். தடிமனும் துளையும் சம அளவு என்றால் அந்த எல்லை 45 பாகை. கடையில் ரெடிமேடாக விற்கும் 2 அங்குல சிமெண்ட் ஜாலியில் 6 அங்குலத் துளை இருக்கும். அது 70 பாகைக்குக் கீழே எதையும் தடுக்காது. வெயில் விஷயத்தில் அது வெறும் ஓட்டைதான்.

இந்த எண்களை அஸர் நேரத்தோடு வைத்துப் பாருங்கள். ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழல் போக, அதன் உயரத்துக்குச் சமமாகும்போது ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) அஸர் நுழைகிறது. ஹனஃபியில் இரண்டு மடங்காகும்போது. நண்பகல் நிழலே இல்லாத நாளில் ஷாஃபி அஸர் என்பது சூரியன் 45 பாகைக்கு இறங்கும் நேரம். ஹனஃபி அஸர் 27 பாகைக்குச் சற்றுக் கீழே இறங்கும் நேரம். மற்ற நாட்களில் இரண்டுமே இன்னும் தாழ்வு. நாம் பார்த்த அந்த 9 அங்குல ஜாலி ஹனஃபி அஸருக்கு சரியாகப் பாங்கு சொல்லும் நேரத்தில் கசியத் தொடங்கும்! உங்கள் ஊர் போன்ற ஷாஃபி ஊரில், முன்நேரத்திலேயே ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) வைத்தால், ஜூனில் சூரியன் இன்னும் 35 பாகைக்கு மேல் இருக்கும். அதே ஜாலி ஜமாஅத் முடியும் வரை தாங்கிவிடும். அப்புறம் மஃரிப் வரை உட்கார்ந்து ஓதுகிறவர்களுக்குத்தான் கண் கூசும். மதுரை, திண்டுக்கல் பக்கம் உள்ள ஹனஃபி பள்ளிக்கு இதே வரைபடத்தைக் கொடுத்தால் வேலைக்காகாது. வாடிக்கையாளரிடம் மனை அளவு கேட்பதற்கு முன் மத்ஹபு கேட்கும் கட்டடக் கலைஞர்கள் மிகக் குறைவு, கேட்க வேண்டும்.

சரி, பிறகு எங்கிருந்துதான் வெளிச்சம் எடுப்பது? நான் உங்கள் இடத்தில் இருந்தால் கிப்லா நோக்கி நிற்பவரின் வலது கைப் பக்கத்துச் சுவரின் மேல்பகுதியில் எடுப்பேன். காரணம் மேலே சொன்ன அதே கணக்கு. உங்கள் வலது சுவர் வடக்கு வடகிழக்கைப் பார்க்கும். ஜூனில் அஸர் வெயில் அந்தச் சுவருக்கு இணையாகத் தடவிக்கொண்டு போகும், உள்ளே நுழையாது. மற்ற மாதங்களில் மாலைச் சூரியன் இன்னும் தெற்கே போய்விடுவதால் அந்தப் பக்கம் எட்டியே பார்க்காது. வடக்கு ஜன்னலுக்கு வெயிலே வராது என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். அது குளிர்நாட்டுப் பாடம். நம் அட்சரேகையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை நண்பகல் சூரியன் வடக்கில்தான் நிற்கிறது. ஆனால் 75 பாகைக்கு மேலே நிற்பதால் ஒன்றரை அடி சன்ஷேடு போதும். காலை வெயில் கொஞ்சம் நுழையும், அந்த நேரத்தில் ஜமாஅத் இல்லை. ஆகவே கூரையின் வலது ஓரத்தை நான்கடி உயர்த்தி, அந்த நான்கடியில் நீள ஜன்னல் வைத்தால், நாள் முழுக்க நடுங்காத, நகராத வெளிச்சம் வரும். கூடவே கிப்லா சுவரை ஒட்டி கூரையில் ஓரடி அகலத்துக்கு ஒரு நீளத் திறப்பு, அதற்கு மேலே வெயில் மறைக்கும் மூடாக்கு. வெளிச்சம் சுவர்மேல் வழிந்து இறங்கும், திறப்பு மட்டும் யார் கண்ணுக்கும் தெரியாது. தொழுகிறவரின் பார்வை ஸஜ்தா இடத்தில் இருக்கும், உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கும். அந்த உயரத்தில் முன்சுவரில் எந்தத் திறப்பும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இமாமின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் பயானின்போது (உரையின்போது) அவர் முகம் கருப்பாகத்தான் தெரியும்.

நிறத்துக்கும் ஒரு வார்த்தை. வெள்ளைச் சுண்ணாம்பு விழும் வெளிச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பிக் கொடுக்கும். பூசாத செங்கல் கால் பங்கு கொடுத்தால் அதிகம். கரும்பச்சைக் கம்பளம் பத்தில் ஒன்றுதான். படத்தில் பார்த்த செங்கல் வேண்டும், இருட்டாகவும் இருக்கக் கூடாது என்றால் கூரையின் அடிப்பகுதியும் கிப்லா சுவரும் வெள்ளையாக இருக்கட்டும், கம்பளம் வெளிர் நிறத்தில் வரட்டும். வெளியே தெரியும் செங்கல் கடலோரத்தில் உப்புப் பூக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக வெந்த கல் கிடைக்காவிட்டால் சுண்ணாம்புப் பூச்சே மேல்.

வெப்பத்தைப் பற்றிப் பெரியவர்களின் பயம் பாதி சரி. கிடையாக வைத்த ஒரு சதுர மீட்டர் கண்ணாடி நண்பகலில் 800 வாட் அளவுக்குச் சூட்டை உள்ளே விடும். 10 சதுர மீட்டர் வைத்தால் ஒன்றரை டன் ஏசி ஒன்றுக்கு மேல் அதற்கே போய்விடும். ஆனால் உங்கள் கூடத்தில் ஜும்ஆவுக்கு 300 பேர் நின்றால், ஆளுக்கு 100 வாட் வீதம் மனிதர்களின் சூடே 30 கிலோவாட். நான் சொன்ன சின்னத் திறப்புகள் தரும் சூடு அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. வெயில் குடித்த கான்கிரீட் தளமும் நெருங்கி நிற்கும் மனிதர்களும்தான் உண்மையான சூடு. மொட்டை மாடிக்கு வெள்ளை ஓடு பதிப்பது எந்த ஜாலியையும்விட அதிகப் பலன் தரும். காற்றும் அப்படித்தான். ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசல், ஃப்ரெட்ரிக் சிலாபான் என்ற கிறிஸ்தவக் கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1978இல் திறக்கப்பட்டது. 45 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தை வைத்துக்கொண்டு, சுற்றுச் சுவருக்குப் பதிலாக உலோகக் கிராதிகளும் ஆழமான தாழ்வாரங்களும் போட்டுக் காற்றை ஓடவிட்டார்கள். உங்களுக்கு இடது சுவர் தென்மேற்குப் பக்கமாக இருப்பதால் ஜூன் முதல் செப்டம்பர் வரையான காற்றை அங்கே தாழ்வாக எடுத்து, வலது பக்கத்து உயர ஜன்னலில் வெளியே விடலாம். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். வலதிலும் பின்னாலும் தாழ்வாரம் இல்லாமல் ஜாலி வைக்காதீர்கள்.

ஏசி போடுவீர்களா மாட்டீர்களா என்பதை முத்தவல்லியும் (பள்ளிவாசல் நிர்வாகியும்) ஊர் ஜமாஅத்தும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். ஜாலியும் ஏசியும் ஒரே கூடத்தில் ஒத்துவராது. முதலில் ஜாலி கட்டி, நாலு வருடம் கழித்து ஏசிக்காக உள்பக்கம் கண்ணாடி ஒட்டிய கூடங்கள் எனக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஒட்டடையும் புறா எச்சமும் சேர்ந்து, துடைக்க வழியில்லாமல் வெளிச்சமும் போய்விடும். புறாவுக்குத் துருப்பிடிக்காத கம்பி வலை தேவை. கொசுவலை போட்டால் காற்று கணிசமாகக் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பெண்கள் பகுதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பெரும்பாலும் மிச்சமிருக்கும் இருட்டு மூலைதான் அவர்களுக்கு வருகிறது. ஜாலித் தடுப்பு எப்போதும் வெளிச்சம் குறைந்த பக்கத்திலிருந்து வெளிச்சமான பக்கத்தைக் காட்டும். பகலில் உள்ளே மங்கலாக இருப்பதால் மறைவு கிடைக்கும். இஷாவுக்குப் பெண்கள் பகுதியில் பெரிய டியூப்லைட்டைப் போட்டதும் ஆண்கள் பக்கத்திலிருந்து எல்லாம் தெரியும். அங்கே பகலில் மேலிருந்து தனி வெளிச்சமும், இரவில் தாழ்வான, தடுப்பை விட்டு விலகிய விளக்குகளும் வேண்டும்.

இதில் எவ்வளவை நம்பலாம் என்று கேட்டால்: சூரியனின் திசை, ஜாலியின் கோணம், வெளிச்ச அளவு எல்லாம் உறுதியான கணக்குகள், யார் போட்டாலும் இதே விடை வரும். 2 சதவீதம், ஒன்றரை அடி சன்ஷேடு போன்றவை அனுபவ அளவுகள். பக்கத்து வீடு மூன்று மாடி என்றால் மாறும். ஏசி இல்லாமல் ஜும்ஆ தாங்குமா என்பது சந்தேகத்துக்குரியது. காற்று நின்ற மே மாத வெள்ளிக்கிழமையில் மின்விசிறி இல்லாமல் எந்த வடிவமைப்பும் தாங்காது என்றே நினைக்கிறேன். கூரையை உயர்த்துவது, திறப்பு வெட்டுவது எல்லாம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்திட வேண்டியவை. இந்தப் பதிலை வைத்து நேரே மேஸ்திரியிடம் போகாதீர்கள்.

கட்டுவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். மே 27 அல்லது 28 அன்று இந்திய நேரம் பிற்பகல் 2.48க்கும், ஜூலை 15 அல்லது 16 அன்று 2.57க்கும் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே இருக்கும். அந்த நிமிடம் மனையில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டால் நிழல் விழும் திசைக்கு நேர் எதிர்த்திசை கிப்லா. பழைய கட்டடத்தின் திசையை அப்படியே நகலெடுக்காமல் இதை ஒருமுறை சரிபாருங்கள், மேலே சொன்ன எல்லாக் கணக்கும் இதன் மேல்தான் நிற்கிறது. இரண்டாவது, நினைத்திருக்கும் ஜாலியை நாலடிக்கு நாலடி மண் சாந்தில் அடுக்கி, கிப்லாப் பக்கம் நிறுத்தி, அஸர் நேரத்தில் அதன் பின்னால் பாய் போட்டு உட்கார்ந்து பாருங்கள். பெரியவர்களையும் கூடவே உட்கார வையுங்கள். அதோடு மனையின் நாலு பக்கமும் என்ன இருக்கிறது, பக்கத்துக் கட்டடங்களின் உயரம் என்ன, அஸர் ஜமாஅத் எத்தனை மணிக்கு என்பதை இங்கே எழுதினால் சன்ஷேடு, ஜாலித் தடிமன் இரண்டுக்கும் சரியான அளவு சொல்ல முடியும்.